கருப்பன் பாத்தியும் ஒரு மீசையும்

அந்த வருடம் மம்சாபுரத்தில் ஒரு மனிதருடைய மீசை எங்கள் உர ஆராய்ச்சித் திடலில் மாட்டிக்கொண்டது. அதை மீட்பதற்காக ஊரே யூரியாவும் கையுமாக அலைந்தது. வேளாண் பண்ணையில் ஃபீல்டு அசிஸ்டென்டாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை நெல், பருத்தி, மக்காச்சோளம் என்று எத்தனையோ டிரையல் பார்த்தவள் நான். எந்தப் பயிரும் என்னை இவ்வளவு சிரிக்க வைத்ததில்லை. இவ்வளவு பயமுறுத்தியதும் இல்லை.

பண்ணையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், "எஸ்தர் மேடம், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். மண் மாதிரி எடுப்பது எப்படி என்று எழுதுவேன் என நினைத்திருப்பார்கள். நான் மீசையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மண் மாதிரி கடைசியில் தானாக வந்து சேரும்.

1. சீட்டுக் குலுக்கல்

எங்கள் பக்கத்தில் கடுகை யாரும் விதைத்துப் பார்த்ததில்லை. அது அஞ்சறைப் பெட்டியில் இருப்பது, எண்ணெய் காய்ந்ததும் வெடிப்பது, அவ்வளவுதான். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து புதிதாக வந்திருந்த எங்கள் சார், டாக்டர் பட்டம் வாங்கிய சூடு ஆறாதவர், இந்த மண்ணில் மழைக்குப் பிறகு கடுகு வருமா, வந்தால் அதற்கு எவ்வளவு தழைச்சத்து வேண்டும் என்று பார்த்தே தீருவேன் என ஒற்றைக் காலில் நின்றார். மம்சாபுரத்தில் ரோட்டோரம் கிணற்றுப் பாசனத்தோடு நிலம் வைத்திருந்த முத்துக்கருப்பன் இடம் கொடுத்தார்.

முத்துக்கருப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மீசையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் வாசலுக்குள் வருவதற்கு முன்னால் மீசை வந்துவிடும். கண்மாய்க்கரைக் கருப்பசாமி கோயிலுக்கு அவர்தான் சாமியாடி. மாசிக் கொடைத் திருவிழாவன்று சாமியின் அருவாளைப் பிடித்து ஆடும் உரிமை அவருக்கு அப்பா வழியில் வந்தது. மீசையும் அப்படித்தானா என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணாத்தான் மேடம் வந்துச்சு" என்பார்.

டிரையல் எளிமையானது. யூரியாவே போடாத பாத்தி, ஏக்கருக்கு அரை மூட்டைக் கணக்கில் ஒன்று, ஒரு மூட்டை, இரண்டு மூட்டை, மூன்று மூட்டை. ஆக ஐந்து டிரீட்மெண்ட். ஒவ்வொன்றும் மூன்று இடத்தில் வர வேண்டும், மொத்தம் பதினைந்து பாத்தி. எது எந்த இடத்தில் என்பதை நம் இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கித்தான் வைக்க வேண்டும். ரேண்டமைசேஷன் என்று பெரிய பெயர். முத்துக்கருப்பன் மனைவி வேலம்மாள் டீ கொண்டுவந்தவள், சீட்டையும் அவளே எடுத்தாள். ரோட்டை ஒட்டிய முதல் பாத்திக்கு மூன்று மூட்டை விழுந்தது.

முத்துக்கருப்பனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் யூரியா போடாத பாத்தியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது எதுக்கு மேடம்? பட்டினி போட்டுக் கொல்லதுக்கா?"

"இதுதான் கன்ட்ரோல். இதோட ஒப்பிட்டாத்தான் மத்தது எம்புட்டு கூடுதலா குடுத்துச்சுன்னு தெரியும்."

"இதுக்கு ஒரு பரீட்சையா? மூணு மூட்டப் பாத்திதான் ஜெயிக்கும். போட்டாத்தானே வெளையும்?"

வேலம்மாள் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "எனக்கு என்னமோ ஒரு மூட்டப் பாத்திதான் ஜெயிக்கும்னு தோணுது."

"ஏட்டி, கடுகப் பத்தி ஒனக்கு என்னட்டி தெரியும்?"

"கடுகப் பத்தி ஒண்ணுந் தெரியாது. ஒங்களப் பத்தித் தெரியும். நமக்குக் கல்யாணமான நாள்லருந்து நீங்க அடிச்சுச் சொன்னது எது நடந்திருக்கு? நீங்க மூணுன்னா அது மூணா இருக்காது."

சார் டீயைச் சிந்திவிட்டுச் சிரித்தார். அது தப்பாகப் போயிற்று. முத்துக்கருப்பன் எழுந்து நின்று மீசையைப் பிடித்தார். "இந்த ரோட்டோரப் பாத்தி ஒம் பாத்திகிட்டத் தோத்துச்சுன்னா, இந்த மீசைய வழிச்சு எறிஞ்சுருதேன்!"

அதோடு விட்டாரா? அன்று சாயந்திரமே டீக்கடையில் அதை மறுபடியும் சொன்னார். மம்சாபுரத்தில் டீக்கடையில் சொன்னது பத்திரம் பதிந்ததற்குச் சமம்.

மறுநாள் கோயில் தர்மகர்த்தா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாத மனிதர். "ஏலே முத்துக்கருப்பா, கடுகு தை கடைசியில அறுப்புன்னு சொல்லுதாக. மாசியில கொடை. மீச இல்லாத கருப்பன எங்கனயாவது பாத்திருக்கியாலே? ஒம் மீச போச்சுன்னா அருவா சேத்தூருக்குப் போயிரும், தெரியும்லா?"

சேத்தூரில் முத்துக்கருப்பனின் பங்காளி மாடசாமி இருந்தார். அவருக்கும் அதே தாத்தா, ஏறக்குறைய அதே மீசை. அந்த அருவாளுக்காகப் பல வருடமாகக் காத்திருக்கிறவர். அப்போதுதான் முத்துக்கருப்பனுக்குத் தாம் எதைப் பணயம் வைத்தோம் என்று உறைத்தது. ஆனாலும் வாயை விட்டவர் விட்டவர்தான். "மூணு மூட்ட தோக்காது மாமா" என்று மட்டும் சொன்னார். குரலில் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது.

2. டிபன் கேரியர்

பயிர் முளைத்ததும் நெருக்கமாக நின்றதைப் பிடுங்கிக் கலைத்துவிட்டு, மேலுரமும் வைத்து முடித்தோம். நான் ராஜபாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து, ஸ்கேலை வைத்துச் செடி உயரம், கிளை எண்ணிக்கை எல்லாம் எடுப்பேன். ஒரு வாரம் பார்க்கிறேன், ரோட்டோரப் பாத்தி மட்டும் மற்ற மூன்று மூட்டைப் பாத்திகளைத் தாண்டிக் கன்னங்கரேலென்று நிற்கிறது. வரப்பில் பார்த்தால் சந்தைக்கு வந்துபோன மாதிரி காலடித் தடம். மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் குருணை வேறு மின்னுகிறது.

ஒருநாள் விடிந்தும் விடியாததுமாக வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனேன். பாத்திக்குள் யாரோ குனிந்திருந்தார்கள். நிமிர்ந்தால் தர்மகர்த்தா. மடிப்புக் கலையாத வேட்டி, கையில் டிபன் கேரியர்.

"என்ன தர்மகர்த்தா, காலங்காத்தால வயக்காட்டுப் பக்கம்?"

"ஒண்ணுமில்லம்மா. சாப்பாடு கொண்டு வந்தேன்."

"யாருக்கு?"

அவர் கேரியரைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். "கருப்பனுக்கு."

"அவரு வீட்டுலல்லா இருக்காரு? நான் பாத்துட்டுத்தானே வாரேன்."

பதற்றத்தில் கேரியர் கொண்டி கழன்றுவிட்டது. முதல் அடுக்கில் யூரியா. இரண்டாவது அடுக்கில் யூரியா. மூன்றாவது அடுக்கில் மட்டும் இட்லி. அது அவருக்கு.

"நான் மட்டுமாம்மா செய்தேன்?" என்று தர்மகர்த்தா பொரிந்து தள்ளினார். "பால்காரன் சாணித் தண்ணி ஊத்துதான். மேலத்தெருப் பொம்பளைக மீன் கழுவுன தண்ணியக் கொடங்கொடமாக் கொண்டாந்து ஊத்துதாக. உரக்கடைத் தம்பி என்னமோ பஞ்சகவ்யம்னான். எல்லாம் சாமி காரியம்மா. அருவா ஊர விட்டுப் போகக் கூடாதுல்லா!"

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. எது முதலில் வெளியே வரும் என்று தெரியாமல் நின்றேன். கஷ்டப்பட்டுக் கோபத்தைத்தான் வெளியே விட்டேன். அவர் இட்லியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

சாரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் கேட்டதும் வரப்பிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "போச்சுங்கக்கா. டிரையலே போச்சு. நான் என்னத்தைப் போயி எழுதறது?"

"சார், மூணு மூட்டப் பாத்தி இன்னும் ரெண்டு இருக்குல்லா? உள்ள தள்ளி இருக்கே? அதுல ஒரு காலடி கிடையாது. அது இருக்கிறதே ஊருக்குத் தெரியாது."

சார் தலையை நிமிர்த்தினார். சீட்டுக் குலுக்கிப் போட்டதன் புண்ணியம். ஊர் முழுக்க ரோட்டோரப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்ததால் மற்றவை எல்லாம் கை படாமல் நின்றன. நாங்கள் ஓடி ஓடிப் பார்த்தோம், பதினான்கு பாத்தி பத்திரமாக இருந்தது. கெட்டுப்போன ஒன்றை மிஸ்ஸிங் பிளாட் என்று கணக்கிலிருந்து தள்ளிவிடலாம்.

திரும்பி வந்த சாரின் முகம் மாறியிருந்தது. கண் பளபளக்கிறது. "அக்கா, இதைத் தடுக்க வேண்டாங்க. இந்த அளவு யூரியாவை உலகத்துல எவனும் கடுகுக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டான். எங்க போய் நிக்குதுன்னு பார்த்துப்போடலாமுங்க!" கையோடு ஒரு தனிப் பலகை எழுதி நட்டார். ஆறாவது டிரீட்மெண்ட் என்பதால் நாங்கள் அதை டி-ஆறு என்றோம். ஊர் அதைக் கருப்பன் பாத்தி என்றது.

3. செடிக்குக் கம்பு

கருப்பன் பாத்தி வளர்ந்த வளர்ச்சியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இடுப்பளவு வந்தது, நெஞ்சளவு வந்தது, என் தோளைத் தாண்டியது. வாட்ஸ்அப்பில் அதற்கென்று ஒரு குரூப். தினமும் காலையில் யாராவது பாத்திக்குள் நின்று படம் எடுத்துப் போடுவார்கள். ஆளைக் காணோம், தலைப்பாகை மட்டும் தெரிகிறது என்றால் அன்றைக்கு முழுக்கக் கைதட்டல் பொம்மைகள். முத்துக்கருப்பன் மீசைக்கு எண்ணெய் தடவி முறுக்கி, வழியில் போகிற பஸ்ஸையெல்லாம் நிறுத்தாத குறையாகப் பாத்தியைக் காட்டினார்.

நான் மட்டும் பூவைத் தேடிக்கொண்டிருந்தேன். வேலம்மாளின் ஒரு மூட்டைப் பாத்தி மார்கழியிலேயே மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது. இரண்டு மூட்டையும் பூத்துவிட்டது. பட்டினிப் பாத்திகூட முழங்கால் உயரத்தில் நின்று தன்னால் முடிந்த நாலு பூவைக் காட்டியது. கருப்பன் பாத்தி இலை மேல் இலை விட்டதே தவிர, பூக்கும் எண்ணம் அதற்கு வரவேயில்லை. தழைச்சத்து மிஞ்சினால் செடி அப்படித்தான் செய்யும். வளர்வதிலேயே மயங்கிவிடும், காய்க்க வேண்டும் என்ற நினைப்பு அதற்குத் தள்ளிப்போகும். தண்டு நீளும், ஆனால் உறுதி இருக்காது. இலை மெதுமெதுவென்று இருந்தால் பூச்சிக்குக் கல்யாண விருந்து.

விருந்துக்கு அசுவினி வந்தது. நுனியெல்லாம் சாம்பல் பூசிய மாதிரி அப்பிக்கொண்டு, தொட்டால் கை பிசுபிசுத்தது. அதைப் பார்த்த ஊர், செடிக்குச் சத்துக் குறைவு என்று முடிவு செய்து இன்னும் யூரியா போட்டது.

தை பிறந்ததும் ஒரு காற்றும் மழையும். மேற்கு மலையிலிருந்து இறங்கி வந்து ஒரே ஒரு சாத்துச் சாத்திவிட்டுப் போயிற்று. மறுநாள் போய்ப் பார்த்தால் மற்ற பாத்திகள் தலையை உதறிக்கொண்டு நின்றன. கருப்பன் பாத்தி மட்டும் பாயை விரித்த மாதிரி தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

ஊர் அசரவில்லை. தர்மகர்த்தா தலைமையில் மூங்கில் கம்பு வந்தது, வாழை நார் வந்தது, பழைய சேலைக் கிழிசல் வந்தது. ஒவ்வொரு செடியாகத் தூக்கி நிறுத்திக் கம்பு நட்டுக் கட்டினார்கள். கடுகுச் செடிக்குக் கட்டுப் போட்டு என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். எலும்பு முறிவு வார்டு மாதிரி இருந்தது. சார் படம் எடுக்கிறேன் என்று போய், சிரிப்பு தாங்காமல் வாய்க்காலுக்குள் உட்கார்ந்துவிட்டார்.

சிரிக்காதது ஒரே ஆள்தான். வேலம்மாள் என்னைக் கிணற்றடிக்குத் தனியாகக் கூட்டிப்போனாள்.

"எக்கா, எம் பாத்தி ஜெயிச்சுரும் போலல்லா இருக்கு?"

"இருக்கு."

"ஒரு ஒதவி செய்யி. எம் பாத்தியிலயும் நாலு கை யூரியா அள்ளி வீசிருதேன். நீ கண்டுக்கிடாத. நான் தோத்துப் போறேன். நான் வெளையாட்டாச் சொன்னேங்க்கா. அந்த அருவா போச்சுன்னா அவிய சோறு தண்ணி எறங்காது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் டிரையல் டிரையல்தான். "தொட்டா நானே சார்கிட்டச் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டேன். ஆறுதலுக்காக டிபன் கேரியர் கதையைச் சொன்னேன். அழுகைக்கு நடுவிலும் சிரித்தாள். சாரைத் தவிர அந்தக் கதையை வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

4. தராசு

அறுத்து, காய வைத்து, அடித்துத் தூற்றி எடை போடும் நாளுக்கு ஊரே வந்திருந்தது. சேத்தூரிலிருந்து மாடசாமியும் புல்லட்டில் வந்து இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. "சும்மா கடுகு வாங்கலாம்னு வந்தேன்" என்றார், மீசையை நீவிக்கொண்டே.

முதலில் பட்டினிப் பாத்தி. பாவம், அதன் தகுதிக்கு ஏதோ கொடுத்தது. அரை மூட்டை அதைவிட நன்றாக ஏறியது. ஒரு மூட்டை வைத்ததும் தராசுத் தட்டு இறங்கிய வேகத்தில் பெண்கள் பக்கம் ஒரு சத்தம் எழுந்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டது. இரண்டு மூட்டை ஏறக்குறைய அதே எடைதான், கொஞ்சம் முன்னே பின்னே. ஊர் கண்டுகொள்ளாத அந்த மூன்று மூட்டைப் பாத்திகள் இரண்டும் அதற்குக் கீழே இறங்கிவிட்டன. கூட்டிக் கூட்டிப் போட்ட உரம் விளைச்சலைக் கூட்டவே இல்லை.

கடைசியில் கருப்பன் பாத்தி. செடி மலை போலக் குவிந்திருந்தது. வைக்கோலுக்குப் பரிசு கொடுத்திருந்தால் அதுதான் முதல். தூற்றிய பிறகு மிஞ்சிய விதையோ பாதி பச்சை, பாதி சுருக்கம். தட்டில் வைத்தால் தராசு அசையலாமா வேண்டாமா என்று யோசித்தது. பட்டினிப் பாத்தியை மயிரிழையில் தாண்டியது.

தர்மகர்த்தா மட்டும் ஈனக் குரலில், "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுல்லா?" என்றார்.

"காரத்தை எடை போடறதுக்கு நம்மகிட்டத் தராசு இல்லீங்க" என்றார் சார்.

வேலம்மாள் முன்னால் வந்தாள். "பந்தயம் எனக்கும் அவியளுக்கும். எனக்கு மீச வேண்டாம். நான் விட்டுட்டேன். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

கூட்டம் அப்பாடா என்று மூச்சு விட்டது. முத்துக்கருப்பன் விடவில்லை. "நீ விடுவட்டி. நான் விட முடியுமா? சொன்ன சொல்ல இன்னிக்கு மாத்துனேன்னா, நாளைக்கு எம் வாயில சாமி வாக்கு வரும்போது எவன் நம்புவான்? மீச இருக்கும். வாக்கு இருக்காது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சலூனுக்குத்தான் போனார். உள்ளூரில் எவனும் அந்த மீசையில் கத்தி வைக்கத் துணியவில்லை.

திரும்பி வந்தபோது துண்டால் வாயை மூடியிருந்தார். வேலம்மாள் மெதுவாகத் துண்டை இழுத்துப் பார்த்தாள். கல்யாணத்தன்றும் மீசைக்குப் பின்னால் மறைந்திருந்த உதடு அது. "ஆத்தி" என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டு வீட்டுக்குள் ஓடினாள். அந்தத் துக்கத்திலும் எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

5. ஐப்ரோ பென்சில்

கோயில் கூட்டம் கூடி ஒரு முடிவுக்கு வந்தது. அருவாளை எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் முகத்தில் மீசை இருந்தால் முத்துக்கருப்பன், இல்லையென்றால் மாடசாமி. அதற்குள் முளைக்க வைக்க யாரோ யூரியாவைத் தடவச் சொன்னதாகக் கேள்வி. நாடகக் கம்பெனி ஒட்டு மீசை வாங்கிப் பார்த்தார்கள், அது சாம்பாரில் விழுந்துவிட்டது.

நான்தான் வாயைக் கொடுத்தேன். என் மகள் ராஜபாளையத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். "ஐப்ரோ பென்சில் இருக்கு. வரைஞ்சு விட்டுருதேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நான். கருப்பசாமிக்கு மீசை வரைவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. கொடையன்று மதியம், கோயில் பின்பக்கம் வேப்பமரத்தடியில் முத்துக்கருப்பனை உட்கார வைத்து, வேலம்மாள் கண்ணாடி பிடிக்க, முடி முடியாக வரைந்தேன். பழைய மீசையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்தேன்.

"தண்ணி பட்டா அழியுமா மேடம்?"

"அழியாதுன்னுதான் போட்டிருக்கு."

மேளமும் உறுமியும் எழுந்தன. முத்துக்கருப்பன் சாமி முன்னால் போய் நின்றார். ஊர் கண்ணில் ஒற்றிக்கொண்டது. மாடசாமி முகம் சுண்டிவிட்டது. தர்மகர்த்தா அருவாளைக் கையில் எடுத்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று, அய்யனார் கோவில் அருவியிலிருந்து கொண்டுவந்த தீர்த்தக் குடங்களைத் தூக்கும்வரை. அருள் வருவதற்கு முன்னால் சாமியாடி தலையில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் குடத்தில் மீசை அகலமாயிற்று. இரண்டாவது குடத்தில் தாடியாயிற்று. மூன்றாவது குடத்தில் ஒன்றுமே இல்லை.

மேளம் நின்றது. நான் பென்சிலை ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். மாடசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தார். தர்மகர்த்தா அருவாளோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது ஒரு சத்தம் வந்தது. இத்தனை நாள் பழகிய முத்துக்கருப்பனின் சத்தம் அல்ல அது. மீசையில்லாத அந்த முகம் சிவந்து, கண் உருண்டு, ஒரே தாவில் தர்மகர்த்தா கையிலிருந்த அருவாளைப் பிடுங்கிக்கொண்டது.

"ஏலே! டிபன் கேரியர்ல எனக்கு என்னத்தடா கொண்டாந்த?"

தர்மகர்த்தா மடிப்புக் கலையாத வேட்டியோடு சேற்றில் விழுந்தார். "தெரியாமச் செஞ்சுட்டேன் சாமி!"

"அளவாப் போட்டாச் சோறு! அள்ளி அள்ளித் திணிச்சா? ஆளு உசரம் வளந்தேன், நிக்க முடியாம விழுந்தேன்! பூச்சி மொய்ச்சு, காய்க்காமக் கெடந்தேன்! எனக்கே கம்ப நட்டுக் கட்டி வச்சீகளேடா!"

பெண்கள் குலவை போட்டார்கள். மாடசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்வாங்கினார். அதற்கப்புறம் மீசை எங்கே என்று கேட்க யாருக்கும் நாக்கு எழவில்லை.

"என்ன செய்யணும் சாமி?" என்று கூட்டம் கேட்டது.

"ஒரு மூட்ட! ஏக்கருக்கு ஒரு மூட்ட! அதையும் ஒரேயடியாக் கொட்டாத! பாதி அடியில, பாதி பொறவு!"

என் தோளை யாரோ உலுக்கினார்கள். சார்! வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். "அக்கா, ஸ்ப்ளிட் டோஸ் சொல்லுதுங்கக்கா! ஆனா கடுகுக்கு மட்டும்னு சொல்லச் சொல்லுங்க. எல்லாரும் மக்காச்சோளத்துக்கும் ஒரே மூட்டையோட நிறுத்திட்டா வெளைச்சல் படுத்துப்போகுமுங்க! கேளுங்கக்கா!"

வேறு வழி? கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "சாமி, இந்த ஒரு மூட்ட கடுகுக்கு மட்டுமா, எல்லாப் பயிருக்குமா?"

சாமி என்னை ஏற இறங்கப் பார்த்தது. பென்சில் இருந்த இடத்தைப் பார்த்ததோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

"மத்ததுக்கு மண்ணப் பரிசோதிச்சுக்கோ!"

6. மண் மாதிரி

அடுத்த வாரம் எங்கள் பண்ணை வாசலில் வரிசை. மம்சாபுரத்து ஆட்கள் ஆளுக்கொரு துணிப்பையில் மண்ணோடு நின்றார்கள். துணிப்பை அகப்படாதவர் தலையணை உறையில் கொண்டுவந்திருந்தார். தர்மகர்த்தா டிபன் கேரியரில் கொண்டுவந்தார், மூன்று அடுக்கிலும் மண். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூட்டம் போட்டு, நோட்டீஸ் அடித்து, மைக் பிடித்துக் கத்தியும் வராத கூட்டம் அது. ஹெக்டேருக்கு இத்தனை கிலோ நைட்ரஜன் என்று நான் சொன்னபோதெல்லாம் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கூட ஒரு மூட்டை போட்டவர்கள், இப்போது உரக்கடையில் "சாமி அளவு குடுங்க" என்று கேட்கிறார்கள்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பயிரை மட்டும் பார்க்காதீர்கள், அதைச் சுற்றி நிற்கும் ஆட்களையும் பாருங்கள். சீட்டுக் குலுக்கிப் போடச் சோம்பல் படாதீர்கள், அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அதுதான். மண்ணை வி வடிவத்தில் வெட்டி, ஓரத்திலிருந்து சீராகச் சுரண்டி எடுங்கள். தீர்த்தம் ஊற்றும் இடத்துக்கு ஐப்ரோ பென்சில் கொண்டு போகாதீர்கள்.

மீசை சித்திரையில் பாதி வளர்ந்திருந்தபோது, முத்துக்கருப்பனிடம் தனியாகக் கேட்டேவிட்டேன். மனசு கேட்கவில்லை. டிபன் கேரியர் கதையை ஊரில் நான் வேலம்மாளிடம் மட்டும்தானே சொல்லியிருந்தேன்?

"உண்மையச் சொல்லுங்க. அன்னிக்குப் பேசுனது சாமியா, நீங்களா?"

அவர் புதிதாக முளைத்த முடியைத் தடவிக்கொண்டே சிரித்தார். மீசை மறைக்காததால் சிரிப்பு முழுசாகத் தெரிந்தது.

"எனக்கு என்ன மேடம் தெரியும்? நான் அந்நேரம் அங்கன இல்லையே. ஆனா ஒண்ணு. மீசையக் குடுத்துப் படிச்சத நான் சாமிகிட்டச் சொல்லாம இருப்பனா?"